ஒட்டகச்சிவிங்கிக்குப் புள்ளி வைக்காதீர்கள்

புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் அங்கன்வாடிச் சுவர்களிலும் தொடக்கப் பள்ளிச் சுவர்களிலும் நான் வரைந்த ஒட்டகச்சிவிங்கிகள் இருநூறுக்குக் குறையாது. முதல் பதினோரு வருடம் வரைந்தவை அத்தனையும் தவறு. அந்தச் சுவர்களைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த விலங்கை முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள். அதனால் இதைச் சொல்லியாக வேண்டும்.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். பிளெக்ஸ் வந்து கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் கைவிட்டுப் போன பிறகு, பள்ளிக்கூடச் சுவர்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு போட்டது. வேலை எடுத்தவர் ஒரு சாம்பிள் படம் கொடுப்பார். யானை, சிங்கம், மயில், ஒட்டகச்சிவிங்கி, ஆமை என்று ஒரே தாளில் எல்லாம் இருக்கும். அதில் ஒட்டகச்சிவிங்கிக்கு மஞ்சள் உடம்பு. அதன்மேல் காசு காசாகப் பழுப்புப் புள்ளிகள். பாம்பு போல் நெளியும் கழுத்து, தலையில் குமிழ் வைத்த இரண்டு குச்சிகள், இளஞ்சிவப்பு நாக்கு, வாய் நிறையச் சிரிப்பு. கட்டம் போட்டுச் சுவரில் ஏற்றினால் ஒன்றரை மணி நேரத்தில் ஆள் இறங்கிவிடலாம். நானும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

மகன் நைரோபியில் ஒரு மருந்து கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். 2019 தொடக்கத்தில் என்னையும் அவன் அம்மாவையும் ஒரு மாதம் அழைத்து வைத்துக்கொண்டான். நகரத்தின் ஓரத்தில் லங்காட்டா என்ற பகுதி. அங்கே 'ஜிராஃப் சென்டர்' என்று ஓர் இடம் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிகளுக்காகவே நடத்தப்படுவது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரமேடையில் ஏறி நின்றால், அவற்றின் முகம் நம் முகத்துக்கு நேராக வரும். தீவன உருண்டைகளைக் கையில் கொடுக்கிறார்கள். "பயப்படாதீங்கப்பா, கையை நல்லா நீட்டுங்க" என்றான் மகன். நீட்டினேன்.

முதலில் வந்தது நாக்கு. நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த நிறம். கருநீலமும் ஊதாவும் கலந்து, நுனிப் பக்கம் ஏறக்குறைய கறுப்பு. உள்ளே போகப் போகத்தான் சிவப்பு. ஒன்றரை அடி நீளம். அது என் உள்ளங்கையை ஒரு சுற்றுச் சுற்றி உருண்டைகளை வாரிக்கொண்டு போனது. எச்சில் பசை போலக் கையில் ஒட்டியது. மேலுதடு நம் உதடு மாதிரி சும்மா மூடித் திறப்பதல்ல. விரலைப் போல நீண்டு, மடிந்து, தேடுகிறது. அதன்மேல் நார் நாராக மயிர். கருவேல இனத்து மரங்களின் முள்ளுக்கு நடுவே புகுந்து இலையை மட்டும் உருவி எடுக்கத்தான் அந்த உதடும் நாக்கும். நாள் முழுக்க வெயிலில் வெளியே நீண்டு வேலை செய்யும் நாக்கு வெந்துபோகாமலிருக்கவே அந்தக் கறுப்பு என்று விலங்கியலாளர்கள் கருதுகிறார்கள். அந்த நாக்குக்குத்தான் நான் பதினோரு வருடமாக ரோஸ் கலர் அடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கொம்பு. நிமிர்ந்து பார்த்தால் ஒன்றின் கொம்பு நுனியில் கருமயிர் குஞ்சமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெரிய ஆணின் கொம்பு மொட்டையாகத் தேய்ந்திருந்தது. ஆண்கள் கழுத்தை வீசி ஒன்றை ஒன்று தலையால் அடித்துச் சண்டையிடும். மயிர் அதில் உதிர்ந்துவிடுகிறது. கொம்பின் தடிமனையும் நுனியையும் பார்த்தாலே பெரும்பாலும் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். இது மாட்டுக் கொம்பும் அல்ல, மான் கொம்பும் அல்ல. தோலும் மயிரும் போர்த்திய எலும்பு. குமிழ் வைத்த குச்சி எந்த ஒட்டகச்சிவிங்கிக்கும் கிடையாது.

நைரோபியிலிருந்து வடக்கே சம்புருவுக்குப் போனோம். அங்கேதான் புள்ளி விஷயம் எனக்கு விளங்கியது. சம்புருவில் இருப்பவை வலைப்பின்னல் வகை. செங்கல்லை நினைவூட்டும் சிவந்த பழுப்பில் பெரிய பெரிய திட்டுகள். அவற்றுக்கு நடுவே சுண்ணாம்பில் இழுத்தது போல மெல்லிய வெள்ளைக் கோடுகள். சித்திரை மாதத்தில் வற்றி வெடித்துக் கிடக்கும் எங்கள் ஊர்க் கண்மாயை அப்படியே தூக்கி ஒரு மிருகத்துக்குப் போர்த்தியது போல இருந்தது. வெடித்த கண்மாயை வரையச் சொன்னால் எந்த ஓவியனும் மண்கட்டிகளைத் தனித்தனியாக வரைய மாட்டான், வெடிப்பைத்தான் இழுப்பான். ஒட்டகச்சிவிங்கியும் அப்படித்தான். பழுப்பு நிறத்தை முதலில் முழுக்க அடித்துவிட்டு, வெளிர்நிறக் கோடுகளை அதன்மேல் இழுக்க வேண்டும். நாங்களோ மஞ்சளை அடித்துவிட்டுப் பழுப்பைப் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டிருந்தோம். தலைகீழ் வேலை.

புள்ளி எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பெயரிலேயே இருக்கிறது. ஒட்டகத்தின் உருவம், சிவிங்கியின் தோல், அதனால் ஒட்டகச்சிவிங்கி. 2022-ல் நமீபியாவிலிருந்து குனோ காட்டுக்குச் சிவிங்கிகளைக் கொண்டுவந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் படம் போட்டன. சிவிங்கிக்கு இருப்பது அசல் புள்ளி, மை தொட்டு வைத்தது போல வட்டமான கறுப்புப் புள்ளி. ரோமானியர்களும் நம்மைப் போலத்தான் எண்ணினார்கள். கி.மு. 46-ல் ஜூலியஸ் சீசர் ரோமுக்கு ஒன்றைக் கொண்டுவந்தபோது அவர்களும் ஒட்டகத்தையும் சிறுத்தையையும் சேர்த்தே அதற்குப் பெயர் சொன்னார்கள். விலங்கியலில் இன்றும் அதன் பெயரில் அந்த இரண்டும் இருக்கின்றன. பெயர் அழகானதுதான். ஆனால் பெயரைக் கேட்டு வரைந்தால் புள்ளிதான் வரும். விலங்கைப் பார்த்து வரைந்தால் வலை வரும். 1414-ல் வங்காள சுல்தான் சீனப் பேரரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியை அனுப்பினார். சீனர்கள் அதைத் தங்கள் புராணத்து விலங்கான கிலின் என்றே கொண்டாடினார்கள். அரசவைக் கலைஞர் ஷென் டூவின் பெயரில் வழங்கும் ஓவியம் ஒன்று அதைக் காட்டுகிறது. அந்த ஓவியத்தின் நகலை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். உடம்பு முழுக்கக் கட்டம் கட்டமாக வலை. அறுநூறு வருடங்களுக்கு முன்பு அந்தக் கை சரியாக வரைந்திருக்கிறது.

எல்லா ஒட்டகச்சிவிங்கிக்கும் ஒரே வலை கிடையாது. நைரோபி தேசியப் பூங்காவில் உள்ள மசாய் வகைக்குத் திட்டுகளின் விளிம்பு பிய்ந்து பிய்ந்து திராட்சை இலை போல இருக்கும். லங்காட்டாவில் என் கையில் தின்றவை வடக்கு இனத்தைச் சேர்ந்தவை. முழங்காலுக்குக் கீழே திட்டே இல்லை, பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை சாக்ஸ் போட்டது போல நிற்கும். தெற்கே நமீபியா, போட்ஸ்வானா பக்கம் இருப்பவற்றுக்குக் குளம்பு வரை திட்டு இறங்கும். வயதாக ஆக ஆணின் திட்டுகள் கறுக்கும். 2016-ல் மரபணுவை வைத்து இவை நான்கு தனித்தனி இனங்கள் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2025 ஆகஸ்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் அந்த நான்கையும் ஏற்றுக்கொண்டது. நம் சுவர்களில் மட்டும் இன்னும் ஒரே இனம்தான், அதுவும் உலகில் எங்கும் இல்லாத இனம்.

ஒன்றின் வலை இன்னொன்றுக்கு வராது. நம் கைரேகை போல. பிறக்கும்போது இருந்த கோலமே சாகும்வரை. காட்டில் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு கணக்கெடுப்பதே அதை வைத்துத்தான். டான்சானியாவின் மசாய் ஒட்டகச்சிவிங்கிகளை ஆராய்ந்தவர்கள் 2018-ல் எழுதிய கட்டுரையில், திட்டின் வடிவக் கூறுகள் சில தாயிடமிருந்து கன்றுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கன்று முதல் சில மாதங்களைத் தாண்டிப் பிழைப்பதற்கும் திட்டுகளின் அளவு, வடிவத்துக்கும் தொடர்பு இருப்பதாகவும் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு திட்டுக்கும் அடியில் ரத்தக்குழாய் ஒன்று விளிம்போடு சுற்றி ஓடுகிறது. உடம்புச் சூட்டை வெளியே விடும் ஜன்னலாகவும் திட்டு பயன்படக்கூடும் என்கிறார்கள். மர நிழலில் மறையவும் உதவுகிறது. சம்புருவில் நாற்பதடி தூரத்தில் நின்ற ஒன்றை, வழிகாட்டி விரலை நீட்டிய பிறகும் என்னால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. பதினெட்டு அடி உயரப் பிராணியை!

கழுத்துக்கு வருகிறேன். நம் கழுத்தில் ஏழு எலும்பு. அதற்கும் ஏழுதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து அங்குலம் வரை நீண்டிருக்கிறது, அவ்வளவே வித்தியாசம். ஏழு நீள எலும்புகளை வைத்துக்கொண்டு அன்னம் போலவோ பாம்பு போலவோ நெளிய முடியாது. தோளிலிருந்து ஏற்றமரம் போலச் சாய்ந்து விறைப்பாக மேலே போகும். பிடரியில் குட்டையாக, வெட்டிவிட்ட பிரஷ் போல நட்டமாக மயிர். முதுகு தோளிலிருந்து வாலுக்குச் சரிந்து இறங்கும். இந்தச் சரிவை விட்டுவிட்டால் நீங்கள் வரைந்தது கழுத்து நீண்ட குதிரைதான். வால் முழங்கால் வரை தொங்கும், நுனியில் கருங்குஞ்சம். அந்த வால் மயிருக்காகவே கொன்றிருக்கிறார்கள், ஈ ஓட்டும் சாமரமும் வளையலும் செய்வதற்கு.

ஆறடிக் கழுத்து இருந்தும் நின்ற நிலையில் தரைக்கு வாய் எட்டாது. காலும் ஆறடி, தோள் அதற்கும் மேலே. எவாசோ நிரோ ஆற்றங்கரையில் ஒரு பெண் தண்ணீர் குடிக்க வந்ததைப் பார்த்தேன். கரையில் வெகுநேரம் நின்று சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு ஒரு முன்னங்காலை வெடுக்கென்று ஓரடி பக்கவாட்டில் தள்ளியது. மறுகாலை ஓரடி. மறுபடி இந்தக் கால். இப்படி நாலைந்து தடவை விரித்து விரித்து, தோள் கீழே இறங்கிய பிறகுதான் வாய் தண்ணீரைத் தொட்டது. கொஞ்ச நேரம் உறிஞ்சிவிட்டுத் தலையை வீசி மேலே தூக்கி, கால்களை ஒரே துள்ளலில் சேர்த்துக்கொண்டது. அந்தச் சில நொடிகள்தான் சிங்கத்துக்குச் சமயம். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடிச்சிட்டு சீக்கிரம் போயிரு தாயி" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றப் பெரிய மோட்டார் போடுகிறோம் இல்லையா, அது போல அவ்வளவு உயரத்திலுள்ள மூளைக்கு ரத்தத்தை ஏற்ற அதன் இதயம் பதினோரு கிலோ எடை. ரத்த அழுத்தம் நமக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதே அழுத்தத்தோடு தலையைத் தரைக்குத் தாழ்த்தினால் என்ன ஆகும்? மூளைக்கு அடியில் வலை போன்ற நுண்குழாய்கள் இருந்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. கழுத்துச் சிரைகளிலுள்ள வால்வுகள் ரத்தம் திரும்பித் தலைக்குள் பாயாமல் தடுக்கின்றன. காலில் ரத்தம் இறங்கித் தேங்கி வீங்காமலிருக்க, கால் தோல் இழுத்துக் கட்டிய துணி போல இறுக்கமாக இருக்கிறது. வரைகிறவன் அந்தக் காலைக் கொழுகொழுவென்று உருட்டி வரையக் கூடாது. எலும்பும் நரம்பும் தெரிய ஒட்டிப்போன கால் அது. குளம்பு மட்டும் சோற்றுத் தட்டு அகலம், மாட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிளந்தது.

நடையைப் பற்றி ஒன்று. மாட்டைப் போல முன்னங்கால் ஒரு பக்கம், பின்னங்கால் மறுபக்கம் என்று மாற்றி வைத்து வரைந்துவிடுகிறோம். ஒட்டகச்சிவிங்கி நடக்கும்போது ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே போகும், ஒட்டகம் போல. ஆக, நம் பெயரில் 'ஒட்டக'த்துக்கு நியாயம் இருக்கிறது. இதையெல்லாம் உட்கார்ந்து கவனித்து எழுதியவர் கனடாவைச் சேர்ந்த ஆன் இன்னிஸ் டாக். 1956-ல், இருபத்துமூன்று வயதில், தனி ஆளாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஒரு பண்ணையில் தங்கி, காட்டில் காரை நிறுத்திக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்தார். படச்சுருளில் நடையைப் பதிவு செய்து அலசினார். அவருக்கு முன் ஒட்டகச்சிவிங்கியை அதன் காட்டிலேயே போய் அப்படிப் படித்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம். 2024-ல் காலமானார். பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட அந்த அம்மையாரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் வர வேண்டும்.

ஊர் திரும்பி, அடுத்த சுவரில் சரியாக வரைந்தேன். வேலை கொடுத்தவருக்குக் கோபம். "சின்னப் பிள்ளைங்க பார்க்கிறதுக்குத்தானே, சிரிச்ச மாதிரி இருந்தா போதாதா? இது என்ன கறுப்பு நாக்கு, பேய் மாதிரி" என்றார். அழித்துவிட்டு சாம்பிள்படி போடச் சொன்னார். அன்று அழித்தேன். கூலி வாங்க வேண்டுமே. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து அங்கன்வாடியில் ஆட்டுக்கு நாய்வால் வரைந்து பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும், "தாத்தா, ஆட்டு வாலு இப்படியா இருக்கும்?" என்று கேட்கும். ஆட்டை அது தினமும் பார்க்கிறது; ஓவியன் தப்பு செய்தால் திருத்த அதற்குத் தெரியும். ஒட்டகச்சிவிங்கியை அந்தப் பிள்ளை பார்த்ததில்லை, அதன் அப்பா அம்மா பார்த்ததில்லை, டீச்சரும் மைசூர் மிருகக்காட்சி சாலைக்குச் சுற்றுலா போனபோது ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்திருந்தால் உண்டு. நான் வரைவதே அவர்களுக்கு ஒட்டகச்சிவிங்கி. திருத்த ஆளில்லாத இடத்தில்தான் தப்பு செய்யவே கூடாது. கறுப்பு நாக்கு பேய் என்று பிள்ளை சொல்லவில்லை, பெரியவர்தான் சொன்னார். பிள்ளைகளிடம் நாவல்பழக் கதையைச் சொன்னால், ஒவ்வொன்றும் தன் நாக்கை நீட்டிக் காட்டுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே பெரிது. 1985-ல் ஆப்பிரிக்கா முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த ஒட்டகச்சிவிங்கிகள், 2015-ல் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டதாக 2016-ல் இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கணக்குச் சொன்னது. காடு வயலானது, உள்நாட்டுப் போர், இறைச்சிக்கும் தோலுக்கும் வேட்டை. கென்யாவின் கரிஸ்ஸா பகுதியில் நிறமிக் குறைவால் வெள்ளை வெளேரென்று ஒரு தாயும் அதன் கன்றும் இருந்தன. 2020 மார்ச்சில் இரண்டும் கொல்லப்பட்டு எலும்பாகக் கிடைத்தன. மிஞ்சியது ஓர் ஆண். அதே ஆண்டு நவம்பரில் அதற்கு இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தினார்கள். யானைக்கும் புலிக்கும் நாம் பதறுகிறோம். ஒட்டகச்சிவிங்கி குறைகிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது, ஏனென்றால் அது எல்லாச் சுவரிலும் சிரித்துக்கொண்டே நிற்கிறது. காப்பாற்றவும் முடியும் என்பதற்கு நைஜர் நாடு சாட்சி. மேற்கு ஆப்பிரிக்காவின் வெளிர்நிற ஒட்டகச்சிவிங்கி 1990-களின் நடுவில் அங்கே 49 மட்டுமே எஞ்சியிருந்தது. அரசும் கிராமத்து மக்களும் சேர்ந்து காத்ததில் இப்போது 600-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூட்டம் வேலியில்லாத வெளியில், விவசாயிகளின் நிலத்தினூடேதான் மேய்கிறது.

சரியாக வரைய என்ன கூடுதல் செலவு? பெயின்ட் அதே பெயின்ட். மஞ்சள் குறையும், பழுப்பு ஸ்டெய்னர் கூடும். ஒன்றரை மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவுதான்.

அளவு பற்றி ஒரு யோசனை சொல்கிறேன். வளர்ந்த ஆண் பதினெட்டு அடி. நம் அங்கன்வாடிச் சுவர் பத்தடி. சுவருக்குள் அடைக்க அதைப் பாதியாகக் குறுக்கி வரைந்து, பக்கத்தில் முயலையும் அதே உயரத்துக்குப் போட்டுவிடுகிறோம். பிள்ளைக்கு எது எவ்வளவு பெரிது என்றே தெரியாமல் போகிறது. ஆனால் பிறந்த கன்று சுமார் ஆறடி. தாய் பதினைந்து மாதம் சுமந்து, நின்றபடியே ஈன்று, கன்று கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரத்திலிருந்து தரையில் விழுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும். பிறக்கும்போது கொம்புகள் நிமிர்ந்திருக்காது, தலையோடு படுத்திருக்கும், கருங்குஞ்சம் மட்டும் தெரியும். இந்தக் கன்றை நம் சுவரில் உண்மையான அளவிலேயே வரையலாம். ஓர் அங்குலம்கூடக் குறைக்க வேண்டாம்.

போன ஆனியில் எங்கள் ஒன்றியத்தில் ஓர் அங்கன்வாடிக்கு, கூலி வாங்காமல், அப்படி ஒன்று வரைந்தேன். சாரம்கூடத் தேவைப்படவில்லை, ஒரு ஸ்டூல் போதும். வலைப்பின்னல் வகை, கோடுகளை இரண்டாம் நம்பர் பிரஷ்ஷில் இழுத்தேன். டீச்சர், "அண்ணே, நிஜமாவே குட்டியே இவ்வளவு உசரமா?" என்று இரண்டு தடவை கேட்டார். காய்ந்த பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுவரோரம் நிறுத்தி அளந்தோம். யாருடைய தலையும் கன்றின் வயிற்றைத் தாண்டவில்லை. ஒரு பையன் மட்டும் எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, "இதோட அம்மா எங்க தாத்தா?" என்று கேட்டான். கூரைக்கு மேலே கையைக் காட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் வெளியே ஓடி வந்து, கூரைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்கள்.

பள்ளிச் சுவர்களுக்கு ஓவிய வேலை கொடுக்கும் அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை சாம்பிள் தாளில் கார்ட்டூனை எடுத்துவிட்டு, உண்மையான விலங்கின் புகைப்படம் ஒன்றை இணைத்துக் கொடுங்கள். மூன்று மணி நேரக் கூலியைக் கணக்கில் சேருங்கள். மற்றதை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். பார்த்து வரையத் தெரிந்த கைகள் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் இருக்கின்றன.